சாத்து என்றொரு சொல்

போன மாதம் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்க்கூடத்தில் பெரிய திரை கட்டி கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ மட்டையைச் சுழற்றிப் பந்தை எல்லைக்கு வெளியே அனுப்பிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. "சாத்து சாத்துன்னு சாத்தறான் பாரு" என்று ஒரு பையன் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். என் கையிலிருந்த காபி டம்ளர் ஆடி, சேலையில் கொட்டியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வயதுக்காரி, சர்க்கரை இறங்கிவிட்டது என்று நினைத்து ஒரு மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டுவிட்டாள். நானும் சப்பிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன். அவளுக்கும், அவளைப்போல் என்னோடு சேர்ந்து கிழவியான உங்கள் எல்லோருக்கும் இப்போது சொல்கிறேன்.

அப்போது நான் இரண்டாம் வகுப்பு. குன்னூருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் இருந்தோம். அப்பாவுக்கு ஃபேக்டரி ஆபீசில் கிளார்க் வேலை. ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ் வீடுகளை இரண்டிரண்டாக ஒட்டிக் கட்டியிருந்தார்கள். இரண்டு வீட்டுக்கும் ஒரே தகரக் கூரை, நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவரும் கூரைவரை போகாது. ஆள் உயரத்துக்கு மேலே பலகை அடித்திருந்தார்கள், பலகைக்கும் பலகைக்கும் நடுவே விரல் நுழையும். அந்தப் பக்கம் மிளகாய் வறுத்தால் இந்தப் பக்கம் நாங்கள் தும்முவோம்.

அந்தப் பக்கம் குடியிருந்தவர் டீமேக்கர். கொழுந்து வாடுவதிலிருந்து தூளாகிப் பெட்டியில் ஏறும்வரை ஃபேக்டரியில் அவர் சொன்னதுதான் சட்டம். எஸ்டேட் மேனேஜர் துரைக்கு அடுத்தபடி அவர்தான். நான் அவரை மேக்கர் மாமா என்று கூப்பிடுவேன். உயரமான மனிதர். சட்டையிலும் தலைமுடியிலும் வறுத்த தேயிலையின் வாசனை எப்போதும் இருக்கும். குன்னூர் போய் வந்தால் வர்க்கிப் பொட்டலத்தைப் பிரித்து முதலில் எனக்குத்தான் தருவார். யாரிடமும் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. லைன் என்ற வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளர்கள்கூட, மேக்கர் தங்கமானவர் என்பார்கள்.

அவர் மனைவியை நாங்கள் மேக்கர் ஊட்டு அக்கா என்போம். காரமடைப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. மலைக்குளிர் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வெயில் வரும் நேரத்தில் வாசல்படியில் உட்கார்ந்து எனக்குப் பின்னல் போட்டுவிடுவார். அவர் விரல்கள் பச்சைத் தண்ணீரில் கிடந்த மாதிரி இருக்கும். நான் கழுத்தைச் சுருக்குவேன்.

அந்த வருடம் ஆனி பிறந்ததும் சிறுத்தை இறங்கிவிட்டது. முதலில் லைனில் ஒரு நாய் காணாமல் போனது. அப்புறம் கம்பவுண்டர் வீட்டு ஆட்டுக்குட்டி. சீகை மரங்களுக்குக் கீழே வாட்ச்மேன் காலடி பார்த்ததாகச் சொன்னார். அதன்பிறகு பெரியவர்களுக்கு வேறு பேச்சே இல்லை. ஃபேக்டரிச் சங்கு ஊதி, தேயிலைச் சரிவில் பனிமூட்டமாய் மஞ்சு ஏறத் தொடங்கியதும் வீட்டுக்கு வீடு ஒரே குரல்தான் கேட்கும். கதவைச் சாத்து, கதவைச் சாத்து. அப்பா எங்கள் கதவைச் சாத்தி, குறுக்கே ஒரு கட்டையையும் மாட்டுவார். நான் கணப்புச் சட்டிக்குப் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, அந்தக் கட்டை உடையுமா உடையாதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் அப்படி உட்கார்ந்திருக்கும்போது அடுத்த வீட்டுக் கதவைப் பலமாகச் சாத்தும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துத் தொப்பென்று ஒரு சத்தம். மறுபடியும் ஒன்று. சுவரில் எதுவோ இடித்தது. எங்கள் பக்கத்து ஆணியில் தொங்கிய முறம் ஆடியது. அப்பா அம்மாவைப் பார்த்து, தாழ்ந்த குரலில், "சாத்தறார் பாரு" என்றார்.

நான் என்னவென்று கேட்டேன். அம்மா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"கதவைச் சாத்தறாங்க கண்ணு. மழைக்கு மரம் ஊதிக் கெடக்குது. ஒரு தடவைல சாத்த முடியாது."

சொல்லிவிட்டு எழுந்துபோய் ரேடியோவைத் திருகிச் சத்தத்தைக் கூட்டினார். மரப்பெட்டி ரேடியோ அது. முகப்பில் மஞ்சள் விளக்கு எரியும். அதில் யாரோ உர மூட்டையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். உரத்தைப் பற்றி எதற்கு இவ்வளவு சத்தமாகக் கேட்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

ஆனால் அம்மா சொன்னதை நம்பினேன். அதற்கு மேலும் நானாகக் கற்பனை செய்துகொண்டேன். ஒரு கதவைச் சாத்த அத்தனை முறை இடிக்க வேண்டுமென்றால், வெளியிலிருந்து எதுவோ அதைத் தள்ளுகிறது. சிறுத்தை தினமும் மேக்கர் மாமா வீட்டுக்குத்தான் வருகிறது. அது வெளியிலிருந்து தள்ளுகிறது, மாமா உள்ளிருந்து தள்ளிச் சாத்துகிறார். இப்படி முடிவுசெய்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. சத்தம் கேட்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு, மாமாவுக்குப் பலம் கொடு சாமி என்று வேண்டிக்கொள்வேன். சத்தம் நின்றதும், மாமா ஜெயித்துவிட்டார் என்று மூச்சு விடுவேன். அவருக்காக எத்தனை நாள் அப்படி வேண்டிக்கொண்டேனோ.

ஒரு காலையில் பின்னல் போட அக்காவிடம் போனபோது, அவர் முழங்கைக்கு மேலே கன்றிப்போயிருந்தது. கருநீலமாக, நாவல்பழத்தை நசுக்கித் தேய்த்த மாதிரி. நான் அதைத் தொடாமல், "சிறுத்தையாக்கா?" என்று கேட்டேன். அக்கா, "ம்" என்றார். பின்னலை இறுக்கி ரிப்பன் கட்டி, முந்தானையைத் தோளோடு போர்த்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

எனக்கு உண்மையைச் சொன்னது எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்த பெண். லைன் வீட்டுப் பிள்ளை. சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் வருவாள். ஒரு நாள் அவள் கண் சிவந்திருந்தது. என்னவென்று கேட்டேன். நேற்று அவள் அப்பா அவள் அம்மாவைச் சாத்திவிட்டார் என்றாள். அம்மாவை எப்படிச் சாத்துவது, அம்மா என்ன கதவா என்று கேட்டேன். அவள் என்னை முட்டாளைப் பார்ப்பதுபோல் பார்த்து, சிலேட்டைக் கீழே வைத்துவிட்டு, என் முதுகில் உள்ளங்கையால் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"இப்படி. இதுதான் சாத்தறது."

முதுகு எரிந்தது. சத்தமும் எனக்குத் தெரிந்த சத்தமாகவே இருந்தது.

அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியில் மேக்கர் மாமா ஃபேக்டரி வாசலில் நின்று, பாப்பா என்று கூப்பிட்டார். நான் ஓடினேன். தேயிலைச் செடிகளுக்கு நடுவே விழுந்து எழுந்து ஓடினேன். மஞ்சுக்குள் சிறுத்தை இருக்கலாம் என்ற நினைப்பே வரவில்லை. வீட்டில் அம்மா என் முழங்காலில் மஞ்சள் வைத்துக்கொண்டே, சிறுத்தைக்குப் பயந்து ஓடி வந்திருக்கிறது பிள்ளை என்று அப்பாவிடம் சொன்னார். அதிலிருந்து என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து பத்திரமாகக் கூட்டிவர ஒரு ஏற்பாடு செய்தார்கள். ஃபேக்டரியிலிருந்து வரும் வழியில் மேக்கர் மாமா கையைப் பிடித்து அழைத்து வருவார் என்று. நான் மாட்டேன் என்று அழுதேன். காரணம் கேட்டார்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் கை பெரியது, வெதுவெதுப்பாக இருக்கும். வழியெல்லாம் அந்தக் கைக்குள் என் கை வேர்த்துக்கொண்டிருக்கும். அவர் என் பள்ளிக்கூடத்தைப் பற்றி அன்பாக விசாரித்துக்கொண்டே வருவார்.

பிற்பாடு நான் தமிழ் படித்து, தமிழ் சொல்லிக்கொடுத்தே ஓய்வும் பெற்றேன். கல்லூரியில் எங்கள் பேராசிரியர், சார் என்பதிலிருந்து சார்த்து, சார்த்து தேய்ந்து சாத்து என்பார். ஒன்றை இன்னொன்றின்மேல் சாய்த்துப் பொருத்துவது. நிலையோடு கதவைச் சாத்தலாம். சாமிக்கு மாலை சாத்தலாம், சந்தனம் சாத்தலாம். அகராதியில் இவற்றோடு ஒரே வரிசையில், அடித்தல் என்றும் போட்டிருக்கும். வகுப்பில் நான் பிள்ளைகளுக்கு வேற்றுமை உருபு நடத்தும்போது இந்தச் சொல்லை மட்டும் எடுத்துக்காட்டாகச் சொன்னதே இல்லை. இவ்வளவு நல்ல எடுத்துக்காட்டு வேறு கிடைக்காது. அம்மனுக்குச் சாத்துவது. கதவைச் சாத்துவது. ஆளைச் சாத்துவது. கதவுக்கும் ஆளுக்கும் ஒரே உருபு. ஏழு வயதில் எனக்கு உருபு தெரியாது. அதனால் வந்ததுதான் மற்றதெல்லாம்.

ஆடி வெள்ளிக்கு எஸ்டேட் மாரியம்மன் கோவிலில் பூஜை. அம்மனுக்குப் பட்டுச் சேலை கொடுப்பது ஸ்டாஃப் குடும்பங்களின் முறை. அந்த வருடம் மேக்கர் வீட்டு முறை. துரையும் துரைசாணியும் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். லைன் ஜனம் முழுக்க நின்றது. சாரல் அடித்துக்கொண்டிருந்தது. வேப்பிலையும் ஈரக் கம்பளியும் கற்பூரமும் கலந்து ஒரு வாசனை. அக்கா நிறையப் பவுடர் பூசிக்கொண்டு, தாம்பாளத்தில் சேலையை வைத்துக்கொண்டு மாமாவுக்குப் பின்னால் நின்றார்.

பூசாரி வெளியே வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "இந்த வருசம் மேக்கருங்கதான் சாத்தறாங்க. எல்லாரும் வழி விடுங்க" என்றார்.

மாமா முன்னால் நடந்தார். கருவறைக்குள் எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் அம்மன் சின்னதாக உட்கார்ந்திருந்தது. என்னைவிடக் கொஞ்சம்தான் பெரிது. மாமா அதை நோக்கிப் போனார்.  அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன். மெதுவாகத்தான் கேட்க நினைத்தேன். பயத்தில் குரல் கீச்சென்று வந்துவிட்டது.

"அம்மா, அம்மனையும் சாத்தப் போறாரா?"

மேளக்காரர் அப்போதுதான் கையை எடுத்திருந்தார். பூசாரி சிரித்துவிட்டு, அம்மனுக்குச் சாத்தறாங்கன்னு சொல்லோணும் கண்ணு, அம்மனைச் சாத்துவாங்களா என்று திருத்தினார். நான் விளக்கம் சொன்னேன். அவர் வாத்தியார்போல் கேட்டதால் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். "அக்காவைச் சாத்தறாருங்களே" என்றேன்.

 லைன் வீட்டுப் பெண்கள் தரையைப் பார்த்தார்கள். துரைசாணி பக்கத்திலிருந்தவரிடம் பிள்ளை என்ன சொல்கிறது என்று கேட்க, அவர் ஒன்றுமில்லை என்பதுபோல் கையை ஆட்டினார். அக்கா தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.  மாமா திரும்பி வந்தார். குனிந்து, தன் கையை என் தலையில் வைத்தார். சிரித்தபடி, காற்றுக்குக் கதவு சாத்தறதைப் பாப்பா சொல்லுது என்று துரைக்கு விளக்கினார். எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டதுபோல் இருந்தது. ஆமாங்க கதவுதான், மழைக்குக் கதவு ஊதிப்போச்சு என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். என் அம்மாவும் சொன்னார். மாமாவின் கை அதுவரை என் தலையில்தான் இருந்தது. எடுக்கும்போது ஒரு அழுத்து அழுத்திவிட்டு எடுத்தார். கழுத்து எலும்புவரை இறங்கியது.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு வாந்தி. அம்மா சுக்குத்தண்ணீர் வைத்துக் கொடுத்தார். யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. பொழுது சாயச் சாய வீட்டில் பேச்சு குறைந்தது. சங்கு ஊதியது. மஞ்சு வந்து ஜன்னலை மூடியது. அப்பா கட்டையை மாட்டினார். நான் கணப்புச் சட்டிப் பக்கம் போகாமல் அடுப்படி மூலையில் விறகுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொண்டேன். செருப்புச் சத்தம் எங்கள் வாசலைத் தாண்டிப் போனது. அடுத்த வீட்டுக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது, மெதுவாக.

முதல் அடிக்கே முறம் கீழே விழுந்தது.

அம்மாவின் கை வழக்கம்போல் ரேடியோவுக்குப் போனது. நான் மூலையிலிருந்து, "நான் சொன்னதாலயாம்மா?" என்று கேட்டேன். அம்மா திருகின் மேல் விரலை வைத்தபடியே நின்றார். பிறகு ரேடியோவைக் கூட்டவில்லை, அணைத்தார். மஞ்சள் விளக்கு போனது. வீட்டில் வேறு சத்தமே இல்லை. இப்போது எல்லாம் தெளிவாகக் கேட்டது. அம்மா அடுப்படிக்கு வந்து, என் பக்கத்தில் கிடந்த சீகை விறகு ஒன்றை எடுத்துக்கொண்டு போய்க் கதவுக் கட்டையை நீக்கினார்.

அப்பா எழுந்து நின்று, எங்கே போறே, வெளியே சிறுத்தை இருக்குது என்றார். அம்மா கட்டையைக் கீழே வைத்தார். அப்பா குரலைத் தாழ்த்தி, அவரு மேக்கரு, நாளைக்கே நம்மளை ஊட்டைக் காலி பண்ணச் சொல்லிருவாங்க என்றார். அப்பா பயந்து அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

"பண்ணச் சொன்னா பண்ணிக்கலாங்க" என்றார் அம்மா.

தனியாக இருக்கப் பயந்து நானும் அம்மா பின்னாலேயே ஓடினேன். வெளியே கை நீட்டினால் கை தெரியாத மஞ்சு. அம்மா விறகால் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார். உள்ளே சத்தம் நின்றது. கதவு திறந்தது. மாமா பனியனோடு நின்றார். கையில் மெஷினுக்குப் போடும் பெல்ட்டின் ஒரு துண்டு, மடித்துப் பிடித்திருந்தார். முகத்தில் கோபமே இல்லை. என்னங்க, ஏதாச்சும் வேணுங்களா என்று மரியாதையாகத்தான் கேட்டார். அந்த மரியாதையில் எனக்கு மூத்திரம் போய்விட்டது.

 நான் பிடித்திருந்த சேலை வழியாக அம்மா நடுங்குவது எனக்குத் தெரிந்தது. "அம்மணியை எங்கூட அனுப்புங்க. ஒரு வேலை இருக்குது" என்றார். நாளைக்கு வரச் சொல்கிறேன் என்று மாமா கதவைச் சாத்தப் போனார். அம்மா விறகை நிலைக்கும் கதவுக்கும் நடுவே கொடுத்துவிட்டார். கதவு விறகில் முட்டி நின்றது. மாமா தள்ளினார். அம்மா தோளைக் கொடுத்து நின்றார்.  மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

அதற்குள் வரிசையில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. கம்பவுண்டர் வீடு, டிரைவர் வீடு. யாரும் இறங்கி வரவில்லை. அவரவர் வாசலில் விளக்கோடு நின்றார்கள். பிறகு எனக்குப் பின்னாலிருந்து ஒரு டார்ச் வெளிச்சம் வந்தது. அப்பா.  மாமாவின் தோளுக்கு மேலாக வெளிச்சத்தை உள்ளே அடித்தார். சுவரோரம் அக்கா உட்கார்ந்திருந்தார். கோவிலுக்குக் கட்டிய அதே சேலை. வாயோரம் ரத்தம். வெளிச்சம் கண்ணில் பட்டதும் மாமா கதவை விட்டுவிட்டு முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டார். அக்கா எழுந்தார். அந்தக் கைக்குக் கீழே குனிந்து, வெளியே வந்துவிட்டார்.

எங்கள் வீட்டில் அம்மா வெந்நீர் வைத்துத் துடைத்துவிட்டார். அக்கா அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ரேடியோவைப் பார்த்துக்கொண்டே, "அது சத்தம் பெருசானா எனக்குத் தெரியுங்கக்கா. இன்னிக்கும் யாரும் வரமாட்டாங்கன்னு" என்றார். அம்மா துணியைக் கிண்ணத்தில் பிழிந்துகொண்டே இருந்தார். பிழிய அதில் தண்ணீரே இல்லை.

மறுநாள் அக்காவின் அண்ணன் வந்து அழைத்துப் போனார். துரை இரண்டு தரப்பையும் விசாரித்தார். பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளைகளின் சச்சரவு என்று முடிவுசெய்தார். சிறுத்தை நடமாடும் சமயத்தில் வாசலில் கூச்சல் போடுவது தவறு என்றாராம். மேக்கர் இல்லாமல் ஃபேக்டரி ஓடாது, கிளார்க் எங்கும் கிடைப்பார். அந்த மாதமே அப்பாவை மஞ்சூர் பக்கம் இன்னொரு டிவிஷனுக்கு மாற்றினார்கள். மாமா தங்கமானவர் என்ற பெயரோடுதான் கடைசிவரை அங்கே இருந்தார் என்று கேள்வி.

மஞ்சூரில் எங்களுக்குத் தனி வீடு, ஒட்டுச் சுவர் கிடையாது. ஆனாலும் பொழுது சாய்ந்தால் நான் அடுப்படி விறகுக்கு நடுவில்தான் போய் உட்காருவேன். அக்கா இனி என்னோடு பேசமாட்டார் என்று நினைத்தேன். அண்ணனோடு கிளம்பிய அன்று அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் வாயைத் திறந்ததால்தான் அவர் உதடு கிழிந்தது.

தை மாதம் அவர் எங்களைப் பார்க்க வந்தார். வளைவுக்கு வளைவு வாந்தியெடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து சேர்ந்தார். காரமடையில் தையல் கற்றுக்கொள்வதாகச் சொன்னார். எனக்கு ஒரு கவுன் தைத்துக்கொண்டு வந்திருந்தார். ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. மத்தியானம் முழுக்க அம்மாவும் அவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். மாமாவைப் பற்றிப் பேசியதாக நினைவில்லை. என்னை மடியில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டார். விரல் அப்போதும் சில்லென்றுதான் இருந்தது.

நான்தான் பஸ்ஸுக்குக் கூடப் போனேன். நாங்கள் மேட்டிலிருந்து இறங்குவதற்குள் கீழே கடைசி பஸ் புறப்பட்டுவிட்டது. அக்கா என் கையை விட்டுவிட்டு மேட்டு ஓரத்துக்குப் போய் நின்று, இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டார்.

"ஏனுங்க, நிறுத்துங்க. நான் வரோணும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்படி ஒரு குரல். எதிர் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். டீக்கடையிலிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். பஸ் வளைவில் நின்று, கொஞ்சம் பின்னால்கூட வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் அத்தனை நாள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முறம் ஆடியிருக்கிறது, பலகை அதிர்ந்திருக்கிறது. ஒரு தடவைகூட அக்காவின் குரல் கேட்டதில்லை.

அக்கா சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு, சரிவில் குறுக்குப் பாதையில் இறங்கி ஓடினார். படியில் ஏறியபின் திரும்பி, என் பெயரைச் சொல்லி, பயப்படாம ஊட்டுக்குப் போ கண்ணு என்று அங்கிருந்தே கத்தினார். மஞ்சூர் முழுக்கக் கேட்டது.